'பத்தாவது இடம் வந்தா என்ன... அடுத்து கப்புதான்!' - சிஎஸ்கே சீசனுக்குக் காத்திருக்கும் பழவேற்காட்டுக் கரை

"யக்கா, இந்த வருஷம் பொங்கலுக்கு நீ எங்க வீட்டுப் பக்கம் வராத. வந்தா சண்டை ஆயிடும்!"

இப்படி ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியது என் சித்தி மகன். வயது 20. ஊர், பொன்னேரிக்கு முந்தைய ஸ்டேஷனான அனுப்பம்பட்டு. அவன் கோபத்துக்குக் காரணம், போன வருஷம் நான் எழுதிய 'சிஎஸ்கே சரிவுக்கு 5 காரணங்கள்' என்ற கட்டுரை. டிஜிட்டல் டெஸ்க்கில் இருப்பவர்களுக்குத் தெரியும், அந்த 5 காரணங்களும் 20 நிமிடத்தில் எழுதப்பட்டவை. ஆனால், அவன் அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு, "இவ நம்ம வீட்டுப் பொண்ணுதானா?" என்று கேட்டுவிட்டான். சித்தப்பா அதற்கு லைக் போட்டிருந்தார்.

ஆக, பொங்கலுக்குப் போகவில்லை. ஆனால் ஜனவரி மூன்றாவது வாரம் எங்கள் எடிட்டர் கூப்பிட்டு, "ஐபிஎல் வருது. ரசிகர்கள் என்ன நினைக்கிறாங்கன்னு ஒரு ஸ்டோரி வேணும். சேப்பாக்கம் வாசல், மெரினா எல்லாம் வேணாம், எல்லாரும் அங்கதான் மைக்கை நீட்டுறாங்க. வேற எங்கயாவது போ" என்றார். எனக்கு வேறு எந்த ஊரும் ஞாபகம் வரவில்லை.

குடியரசு தினத்துக்கு முந்தைய நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, சென்ட்ரல் மூர் மார்க்கெட்டிலிருந்து கும்மிடிப்பூண்டி மின்சார ரயில். இந்த லைனில் போகாதவர்களுக்கு ஒரு வார்த்தை: தாம்பரம் வண்டியைப் போல் இது அடிக்கடி வராது. ஒன்றை விட்டால், அடுத்ததற்குப் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து ஒரு படமே பார்த்துவிடலாம். கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வரை நெருக்கமான வீடுகள். எண்ணூர் தாண்டியதும் ஆறு விரிகிறது. அத்திப்பட்டு வந்தால் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள். மீஞ்சூரில் பாதி வண்டி காலியாகிறது. அப்புறம் திடீரென்று இரண்டு பக்கமும் நெல் வயல், கொக்கு, பனைமரம். சென்னையிலிருந்து வெளியே வந்துவிட்டோம் என்று உடம்புக்குத் தெரியும் இடம் அதுதான். அந்த இடத்தில்தான் அனுப்பம்பட்டு.

பெயரைக் கேட்டதும் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? சேலம் பக்கத்து சின்னப்பம்பட்டியோடு சேர்த்துக் குழப்பிக்கொள்பவர்கள் எங்கள் ஆபீஸிலேயே இருக்கிறார்கள். அது நம்ம 'யார்க்கர்' நடராஜனின் ஊர். டென்னிஸ் பாலில் ஆடிக்கொண்டிருந்தவர், 2016-ல் டிஎன்பிஎல், 2017-ல் பஞ்சாப் அணிக்கு 3 கோடி, 2020 கடைசியில் ஆஸ்திரேலியா போய் ஒரே டூரில் மூன்று வகை கிரிக்கெட்டிலும் இந்தியாவுக்காக அறிமுகம். அந்தக் கதை சின்னப்பம்பட்டிக்குக் கிடைத்தது. அனுப்பம்பட்டுக்கு இன்னும் கிடைக்கவில்லை. 2016-ல் டிஎன்பிஎல் தொடங்கியபோது இந்த மாவட்டத்தின் பெயரில் 'திருவள்ளூர் வீரன்ஸ்' என்று ஓர் அணி இருந்தது. இரண்டே சீசன். 2018-ல் அது 'காஞ்சி வீரன்ஸ்' ஆகிவிட்டது. "இருந்த டீமையும் பஸ் ஏத்தி அனுப்பிட்டாங்க, அதான் அனுப்பம்பட்டு" என்பது சித்தப்பாவின் ஜோக். வருஷத்துக்கு நான்கு முறை சொல்வார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் தம்பி என்னைப் பார்த்து மூஞ்சைத் திருப்பிக்கொண்டான். மஞ்சள் ஜெர்சி. முதுகில் 7. சித்தி நண்டுக் குழம்பு வைத்திருந்தார். பழவேற்காட்டு நண்டு. சண்டையைத் தள்ளிவைக்க அது போதும்.

சாப்பிடும்போதே அவன் தொடங்கிவிட்டான்.

"2020-ல எத்தனாவது இடம்?"

"ஏழு."

"2021-ல?"

"கப்பு."

"2022-ல?"

"ஒன்பது."

"2023-ல?"

"கப்பு."

"2025-ல பத்து. இப்ப நீயே கணக்குப் போட்டுக்கோ. பெருசா விழுந்தா பெருசா எழுந்திருப்போம்!"

"2024-ல அஞ்சாவது வந்து வெளிய போனீங்களே, 2025-ல ஏன் கப்பு வரல?"

"அஞ்செல்லாம் விழுந்த கணக்குல வராதுக்கா."

இதை எதிர்த்துப் பேச எந்தப் புள்ளிவிவரமும் என்னிடம் இல்லை.

கிண்டல் ஒருபக்கம் இருக்கட்டும், போன சீசன் மஞ்சள் சட்டைக்காரர்களுக்கு எப்படி இருந்தது என்பதைக் கொஞ்சம் நினைத்துப்பாருங்கள். 14 ஆட்டங்களில் 4 வெற்றி. ஐபிஎல் வரலாற்றில் முதல்முறையாகக் கடைசி இடம். முதல் ஆட்டத்தில் மும்பையை ஜெயித்ததோடு சரி, சேப்பாக்கத்தில் அதன்பிறகு வரிசையாக 5 தோல்வி. 17 வருஷம் கழித்து பெங்களூரு அங்கே ஜெயித்தது. ருதுராஜ் முழங்கை எலும்பு முறிந்து வெளியேற, தோனி மறுபடி கேப்டனாகி இறங்கிய கொல்கத்தா ஆட்டத்தில் 20 ஓவரில் 103 ரன். அன்றைக்கு இந்த வீட்டில் டிவி ரிமோட் உடைந்தது. யார் உடைத்தது என்று இன்றுவரை யாரும் சொல்வதில்லை. சித்தி மட்டும் சித்தப்பாவைப் பார்ப்பார்.

அப்புறம் நவம்பரில் அடுத்த இடி. ஜடேஜா ராஜஸ்தானுக்கு, கூடவே சாம் கரனும். அங்கிருந்து சஞ்சு சாம்சன் சென்னைக்கு. 2012-லிருந்து ஜடேஜா மஞ்சள் சட்டை. 2023 ஃபைனலில் கடைசி 2 பந்தில் 10 ரன் வேண்டும் என்றபோது சிக்ஸும் ஃபோரும் அடித்தவர். "சஞ்சு நல்ல பிளேயர்தான், நான் இல்லன்னு சொல்லல" என்று தம்பி நிறுத்தினான். மீதியைச் சொல்லவில்லை. கல்யாணம் முடிந்த வீட்டில் பெண்ணைப் பெற்றவர்கள் மாப்பிள்ளையைப் பற்றிப் பேசும் தொனி அது.

டிசம்பர் 16-ம் தேதி அபுதாபியில் ஏலம். சிஎஸ்கே கையில் 43.40 கோடி ரூபாய். அதில் பாதிக்கு மேல், சர்வதேச ஆட்டம் எதுவும் ஆடாத இரண்டு பையன்களுக்குப் போனது. உத்தரப்பிரதேசத்தின் பிரசாந்த் வீர், ராஜஸ்தானின் கார்த்திக் சர்மா. ஆளுக்கு 14.20 கோடி. ஒருவருக்கு 20 வயது, இன்னொருவருக்கு 19. அடிப்படை விலை 30 லட்சம். வயதானவர்களின் படை என்று கிண்டல் செய்யப்பட்ட அணி, ஒரே மதியத்தில் காலேஜ் டீம் மாதிரி ஆகிவிட்டது. ஏற்கெனவே ஆயுஷ் மாத்ரே, டெவால்ட் பிரெவிஸ், உர்வில் படேல் என்று அடித்து ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள். நூர் அகமது போன சீசனில் 24 விக்கெட் எடுத்தவர். கேப்டன் ருதுராஜ். கீப்பிங்குக்கு சஞ்சுவா, தோனியா என்பதுதான் இப்போது எல்லா டீக்கடையிலும் ஓடும் கேள்வி. என்னைக் கேட்டால், தோனி எத்தனை ஓவருக்கு மேல் பேட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறார் என்பதைவிட, ஜடேஜாவின் 4 ஓவரை யார் போடப் போகிறார்கள் என்பதுதான் பெரிய ஓட்டை. இதைத் தம்பியிடம் சொல்லவில்லை. இன்னும் ஒரு வேளைச் சாப்பாடு பாக்கி இருந்தது.

"வா, ஏரிக்குப் போலாம். உனக்கு ஸ்டோரி அங்கதான் இருக்கு. நாளைக்கு எங்க சீசன் ஸ்டார்ட் ஆவுது" என்றான்.

அவர்களுக்கும் ஒரு சீசன் இருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் தெரியும்.

பைக்கில் பொன்னேரி, திருப்பாலைவனம் வழியாகப் பழவேற்காடு. வழியெல்லாம் வயல், அப்புறம் இறால் குட்டைகள், அப்புறம் உப்புக் காற்று. சுற்றுலா வருகிறவர்கள் பார்க்கும் டச்சுக் கல்லறைத் தோட்டம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. வாசலில் இரண்டு எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் நின்று வரவேற்கும். டச்சுக்காரர்கள் 1600-களின் தொடக்கத்தில் இங்கே வந்து, கெல்ட்ரியா என்று ஒரு கோட்டை கட்டித் துணி வியாபாரம் செய்தார்கள். படகு சவாரி ஆசையில் வராதீர்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று படகு கவிழ்ந்து 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்த பிறகு அதற்குத் தடை. பூநாரைகள் வேண்டுமென்றால் விடியற்காலையில் வாருங்கள், தூரத்தில் இளஞ்சிவப்புக் கோடாகத் தெரியும்.

ஏரி என்று சொன்னாலும் இது முழுக்க ஏரி இல்லை. ஆற்றுத் தண்ணீரும் கடல் தண்ணீரும் கலக்கும் உப்பங்கழி. இந்தியாவில் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இதுதான் பெரியது. பெரும்பகுதி ஆந்திரா பக்கம். கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் விடும் நாளில் அந்தப் பக்கக் கடலுக்குப் போகக் கூடாது என்று அறிவிப்பு வரும். மழைக்காலத்தில் ஏரி ஊரை நோக்கி நடந்து வரும், வெயில் ஏற ஏறப் பின்னால் போகும். போன நவம்பர் கடைசியில் 'டித்வா' புயல் சென்னைக்கு எதிரே வந்து நின்று கொட்டிய மழையில் தம்பியின் டீம் விளையாடும் இடம் முழுக்கத் தண்ணீர். டிசம்பர் முழுக்க அங்கே மீன் பிடித்திருக்கிறார்கள். பொங்கலுக்குப் பிறகுதான் ஏரி பின்வாங்கி, சேறு காய்ந்து, தரை தெரிந்திருக்கிறது.

"எங்களுக்கு ஷெட்யூல் போடுறது பிசிசிஐ இல்லக்கா, ஏரிதான்" என்றான், அங்கே நின்றிருந்த ஒரு பையன்.

அவனைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையில் மீதி. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். பக்கத்துக் குப்பம். வயது 22. இடது கை வேகப்பந்து. மெலிந்த உடம்பு, ஆனால் வலை இழுத்த தோள். கையில் டென்னிஸ் பாலை வைத்துக்கொண்டு பேசும்போது விரல்கள் சும்மா இருக்கவில்லை. தம்பி, அனுப்பம்பட்டிலிருந்து 20 கிலோமீட்டருக்கு மேல் பைக் ஓட்டிவந்து இந்த டீமில் ஆடுவதே இவனுக்காகத்தான். இருவரும் பொன்னேரியில் ஒரே ஸ்கூல்.

"நம்ம டீம்ல தமிழ்நாட்டுக்கு ஆடுறவங்க எத்தன பேருக்கா இருக்காங்க?" என்று அவன் என்னைக் கேட்டான். நம்ம டீம் என்றால் சிஎஸ்கே.

அஷ்வின் ஐபிஎல்லிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். விஜய் சங்கரையும் ஆந்த்ரே சித்தார்த்தையும் விடுவித்துவிட்டார்கள். யோசித்துப் பார்த்து, "குர்ஜப்னீத் சிங்" என்றேன்.

"அவரும் லெஃப்ட் ஆர்ம் ஃபாஸ்ட்தான்" என்றான் சட்டென்று. "போன வருஷம் அடிபட்டு ஒரு மேட்ச்கூட ஆடல. அவருக்குப் பதிலா வந்தவருதான் பிரெவிஸ். பிரெவிஸ் கிளிக் ஆயிட்டாரு. இந்த வருஷமாவது இவரை எறக்குவாங்களான்னு பாக்கணும்." நான் அந்த ஸ்டோரியை டெஸ்க்கில் உட்கார்ந்து மூன்று முறை எழுதியிருக்கிறேன். ஒருமுறைகூட இப்படி, அடிபட்டு உட்கார்ந்திருந்தவர் பக்கத்திலிருந்து யோசித்ததில்லை.

அவனுக்கு பிப்ரவரி 1-ம் தேதி வேலையில் சேர வேண்டும். துறைமுகத்துப் பக்கம் ஒரு ஒப்பந்த வேலை. 12 மணி நேர ஷிஃப்ட். ஞாயிறு லீவு கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஆக, நாளைக்கு நடக்கும் குடியரசு தின டோர்னமென்ட்தான் அவனுக்கு சீசனின் தொடக்கம். முடிவும் அதுவாகவே இருக்கலாம்.

"தொழிலுக்குப் போறதில்லையா?" என்றேன். இந்தக் கரையில் தொழில் என்றால் மீன்பிடிதான்.

"அப்பா போறாரு. ரெண்டு பேர் போற அளவுக்கு ஏரில இல்லக்கா."

அவன் அப்பா வலையைப் பிரித்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்தார். வீடியோ எடுக்கலாமா என்று கேட்டேன். "என்னை எதுக்கும்மா, தோனியைப் போய் எடு" என்றவர், அப்புறம் அரை மணி நேரம் பேசினார். கேமரா இல்லாமல்.

முகத்துவாரம் அடைந்துகொண்டால் கடல் தண்ணீர் உள்ளே வராது, இறால் குஞ்சு வராது, ஏரி செத்த மாதிரி ஆகிவிடும் என்றார். ஏரியில் நல்ல இடங்கள் முகத்துவாரத்தை ஒட்டித்தான் இருக்கின்றன. நீரோட்டத்தில் இறால் ஓடும் வழி. எல்லோரும் ஒரே இடத்தில் வலை கட்டினால் அடிதடிதான். அதற்காக இங்கே பல தலைமுறையாக ஒரு ஏற்பாடு: 'பாடு'. இன்றைக்கு இந்த இடம் யாருக்கு, நாளைக்கு யாருக்கு என்று முறை வைத்துக்கொள்வது. சீட்டுப் போட்டுத் தீர்மானிப்பார்கள். நல்ல இடம் யார் கையிலும் நிரந்தரமாக இருக்காது, சுற்றிக்கொண்டே வரும். நேற்று வெறும் வலையோடு வந்தவருக்கு நாளைக்கு நல்ல இடம் வரும்.

"உங்க ஐபிஎல்-ல கடைசி வந்தவனுக்கு என்ன குடுப்பாங்க?" என்று கேட்டார்.

"ஒண்ணும் குடுக்க மாட்டாங்க. கையில மிச்சம் இருக்குற காசுக்கு ஏலம் எடுத்துக்கலாம்."

"அப்ப காசு இல்லாதவன்?"

இதைக் கேட்டதும் எனக்கு அமெரிக்க பேஸ்பால் ஞாபகம் வந்தது. நம்ம ஊரில் பேஸ்பால் பார்ப்பவர்கள் குறைவுதான், ஆனால் இந்த விஷயத்தில் அவர்கள் பழவேற்காட்டுக்காரர்களுக்குக் கொஞ்சம் நெருங்கிய சொந்தம். அங்கே மேஜர் லீக்கில் புதுப் பையன்களை ஏலம் எடுப்பதில்லை, வரிசைப்படி தேர்ந்தெடுக்கிறார்கள். போன சீசனில் மோசமாக ஆடிய அணிகளுக்குத்தான் வரிசையில் முன்னுரிமை. வேண்டுமென்றே தோற்று முதலிடம் பிடிக்கிறார்கள் என்ற புகார் வந்ததால், 2023-க்கான தேர்விலிருந்து முதல் சில இடங்களுக்குக் குலுக்கல் போடுகிறார்கள். அவருக்கு இதைச் சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டு, "அவன் நியாயம் தெரிஞ்சவன்" என்றார். மேஜர் லீக் பேஸ்பாலுக்கு இதைவிடப் பெரிய பாராட்டு அந்த ஏரிக்கரையில் கிடைத்திருக்காது.

பாடு எல்லோருக்கும் உண்டு என்று நினைத்துவிட வேண்டாம். அதில் உரிமை சில ஊர்களுக்கு, பரம்பரையாக வலைத் தொழில் செய்யும் குடும்பங்களுக்கு மட்டும். பின்னால் மீன்பிடிக்கு வந்தவர்களுக்குக் கிடையாது. அதில் சண்டைகளும் நடந்திருக்கின்றன. கழுத்தளவு தண்ணீரில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்கும் அந்தச் சீட்டில் இடமில்லை. இதைப் பற்றிக் கேட்டபோது அவர் வலையைப் பார்த்துக்கொண்டே, "அதுவும் உண்மதான்" என்றார்.

இன்னொன்றும் அவரிடம்தான் தெரிந்துகொண்டேன். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டு விசைப்படகுகள் கரையில் நிற்கும். சின்ன ஃபைபர் படகுகளுக்கும் ஏரியில் தொழில் செய்கிறவர்களுக்கும் அந்தத் தடை இல்லை. பெரிய படகு மீன் வராததால் இவர்கள் மீனுக்கு நல்ல விலை. ஐபிஎல் நடக்கும் மாதங்களும் ஏறக்குறைய அவைதான். விசைப்படகுகளில் கூலிக்குப் போன பையன்களும் வீட்டில் இருப்பார்கள். ராத்திரி ஊர் முழுக்க டிவி. "நாலு காசு கையில இருக்கும், மஞ்சச் சட்டை ஜெயிச்சா மனசும் நல்லா இருக்கும். போன வருஷம் காசு இருந்துச்சு. மனசுதான் சரியில்ல" என்று சிரித்தார்.

திங்கட்கிழமை. ஜனவரி 26. காலையில் கொடி ஏற்றி, மிட்டாய் கொடுத்து, 9 மணிக்கு டோர்னமென்ட். ஆட்டத்துக்கு 8 ஓவர். ஸ்பீக்கரில் கமென்டரி சொல்ல ஒரு பையன். "பந்து வீச வருகிறார் பழவேற்காட்டின் பதிரனா" என்று அவன் கத்த, "பதிரனாவை கேகேஆர் 18 கோடிக்குத் தூக்கினு பூட்டாங்கடா, பேரை மாத்து!" என்று கூட்டத்திலிருந்து ஒரு பாட்டி. நான் சத்தியமாகச் சொல்கிறேன், பாட்டிதான்.

மைதானத்தின் ஒரு பக்கம் பனைமரம், ஒரு பக்கம் ரோடு, ஒரு பக்கம் ஏரி. ஏரிப் பக்கத்துக்கு மட்டும் தனி ரூல். பந்து தரையில் பட்டு உருண்டு தண்ணீருக்குள் போனால் ஃபோர். பறந்துபோய் நேராகத் தண்ணீரில் விழுந்தால் அவுட். பந்து நனைந்து கனத்துவிடும், இறங்கி எடுக்கவும் ஆள் வேண்டும் என்பதால் வந்த ரூலாம்.

முதல் இரண்டு ஆட்டங்களில் தம்பியின் டீம் சுலபமாக ஜெயித்தது. நான் தம்பியைப் பற்றி இங்கே அதிகம் எழுதவில்லை என்று அவன் கோபப்படுவான். இரண்டு ஆட்டத்திலும் சேர்த்து அவன் எடுத்தது 6 ரன். ஃபைனல் நாலரை மணிக்கு. முதலில் ஆடி 71. எதிர் டீம், மீஞ்சூர் பக்கத்துப் பையன்கள், கடைசி ஓவரில் 9 ரன் எடுத்தால் கப்பு அவர்களுக்கு.

பந்து இடது கைக்காரனிடம்.

முதல் பந்து எட்ஜில் பட்டு கீப்பர் பக்கத்தில் ஃபோர். அவன் அப்பா வலை பிரிப்பதை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார். இரண்டாவது, பேட்ஸ்மேன் காலடியில், ரன் இல்லை. மூன்றாவதில் ஒன்று. நான்காவது யார்க்கர், ஸ்டம்ப் பறந்தது. கமென்டரி பையன் மைக்கைக் கீழே போட்டுவிட்டு ஓடினான். ஐந்தாவதில் ஒன்று. கடைசிப் பந்தில் 3 ரன் வேண்டும்.

அவன் போட்டதும் யார்க்கர்தான், ஆனால் கொஞ்சம் நீளம் தவறி ஃபுல்டாஸ் ஆகிவிட்டது. பேட்ஸ்மேன் ஏரிப் பக்கம் தூக்கி அடித்தான். பந்து மேலே போய், மேலேயே நின்று, தண்ணீரின் விளிம்பில் விழுந்தது. தண்ணீர் தெறித்தது.

"அவுட்டு!" என்று இந்தப் பக்கம். "மண்ணுல பட்டுச்சு, ஃபோரு!" என்று அந்தப் பக்கம்.

அடுத்த 20 நிமிடம் அங்கே நடந்ததை எழுத இந்தக் கட்டுரை போதாது. ஸ்டம்பைப் பிடுங்கினார்கள். ஒருவன் சேற்றில் இறங்கி, பந்து விழுந்த குழி எது என்று விரலால் தேடினான். ஆளாளுக்கு மொபைலை எடுத்து, அந்தப் பந்து பதிவாகியிருக்கிறதா என்று பார்த்தார்கள். வீடியோ எடுக்க வந்த நானே அந்த நேரத்தில் மொபைலை இறக்கிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் எடிட்டர் இதைப் படிக்கும்போது என்ன சொல்வார் என்று தெரியும். அம்பயராக நின்ற பெரியவர் ஏரியையும் பையன்களையும் மாறி மாறிப் பார்த்தார். தம்பி, தொண்டை கிழிய "அவுட்டுண்ணே, நேரா தண்ணிதான்" என்று சத்தியம் பண்ணிக்கொண்டிருந்தான். அவன் நின்றிருந்தது ரோட்டுப் பக்கம். அங்கிருந்து எதுவும் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை.

பெரியவர் கடைசியில் பவுலரிடம் போனார். "டேய், நீ பாத்தியா?"

இடது கைக்காரன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். "மண்ணுல பட்டுதான் போச்சுண்ணே" என்றான்.

தம்பி பைக் சாவியை வீசி எறிந்தான். மீஞ்சூர் பையன்கள் ஒரு நொடி சந்தோஷப்படவும் மறந்து நின்று, அப்புறம் கத்திக்கொண்டு ஓடினார்கள். பரிசு கொடுக்கும்போது ரன்னர் கப்பை யார் வாங்குவது என்று தள்ளிவிட்டுக்கொண்டு, கடைசியில் அவனையே வாங்கச் சொன்னார்கள். ஒரு கையில் கப்பு, இன்னொரு கையில் ஈரப் பந்து. அந்தப் போட்டோ மட்டும் என்னிடம் இருக்கிறது. முகம் தெரியாமல் எடுத்தது.

இருட்டியதும் டீக்கடையில் உட்கார்ந்தோம். தம்பி அவனிடம் பேசவில்லை. என்னிடம் பேசினான், அதுவே முன்னேற்றம். இடது கைக்காரன் பஜ்ஜியைப் பிய்த்துக்கொண்டே, "என்னடா, ஜடேஜாவே போயிட்டாரு, இதுக்குப் போய்..." என்றான். தம்பி சிரிக்கக் கூடாது என்று முடிவெடுத்துத் தோற்றுப்போனான்.

"சிஎஸ்கே பிராக்டீஸ் சேப்பாக்கத்துல எப்பக்கா ஆரம்பிக்கும்?" என்று அவன் என்னைக் கேட்டான்.

சில வருஷங்களாக சீசனுக்கு முன் சேப்பாக்கத்தில் தோனி வலைப்பயிற்சி செய்வதைப் பார்க்கவே ஆயிரக்கணக்கில் கூட்டம் சேர்ந்திருக்கிறது. அமெரிக்காவில் பேஸ்பால் அணிகள் பிப்ரவரியில் ஃபுளோரிடாவிலும் அரிசோனாவிலும் பயிற்சி முகாம் போடும்போது, ரசிகர்கள் லீவு போட்டுவிட்டுப் போய்ப் பார்ப்பார்கள். நமக்கு லீவுதான் பிரச்னை.

"தேதி தெரிஞ்சதும் சொல்றேன். ஏன்?"

"முதல் மாசமே லீவு கேட்டா துரத்திடுவானுங்க. நைட் ஷிஃப்ட் வாங்கிட்டா, காலைல அப்படியே ரயிலேறி வந்துடலாம். குர்ஜப்னீத் எப்படிப் போடுறாருன்னு கிட்ட நின்னு பாக்கணும். அந்த ரிஸ்ட்டு எப்படி வெச்சிருக்காருன்னு."

தம்பி என்னை அனுப்பம்பட்டு ஸ்டேஷனில் இறக்கிவிட்டான். பிளாட்பாரத்தில் எங்களைத் தவிர நான்கு பேர், ஒரு நாய். வண்டி வர இன்னும் 40 நிமிடம் இருந்தது. போகாமல் கூடவே நின்றான்.

"அந்தப் பந்து மண்ணுல பட்டுச்சா, இல்லையா? நீ கிட்டதானே நின்ன?" என்றான்.

"எனக்குத் தெரியலடா."

"எழுதுறப்போ அவுட்டுன்னு எழுது."

"அவனே பட்டுச்சுன்னு சொல்லிட்டானே."

"சரி, அப்ப அவன் கடைசி ஓவர்ல போட்ட யார்க்கரையாவது நல்லா எழுது. நடுக் குச்சி ரெண்டு தபா குட்டிக்கரணம் போட்டுச்சு, பாத்தல்ல?"

பார்த்தேன். இரண்டு தடவைதான்.